பெரிய எம், சின்ன ஏ, ஓர் அரைப்புள்ளி

ஆய்வுக்கு நிதி தரும் ஒரு தொண்டு நிறுவனத்தின் இணையத்தளத்தை எப்படித் திருத்துவது என்று எழுதித் தரச் சொன்னார் ஆசிரியர். கொழும்பில் நாலு நிபுணர்களைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். நான் மாவனல்லைக்கு பஸ் ஏறினேன்.

கண்டி வீதியோரம் ஒரு கொமினிகேஷன். ரீலோட், போட்டோக்கொப்பி, பல்கலைக்கழக விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டும் குடும்பத்துப் பெண் ஒருத்தியை அங்கே வரச் சொல்லியிருந்தேன். பட்டம் முடித்தவள். லயத்துக்கு மேலே மலையில் விழும் வெடிப்புகளை மழைக்காலம் முழுவதும் அளந்து பதிய வேண்டும் என்பது அவள் திட்டம். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போனதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயங்களும் புதைந்தன.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிதியத்தின் தளத்தை அவள் போனிலேயே திறக்கச் சொன்னேன். கேள்விகள் நாலு: யார் விண்ணப்பிக்கலாம், எவ்வளவு தருவார்கள், இறுதித் திகதி எது, இதற்கு முன் யாருக்குக் கொடுத்தார்கள்? கையில் கடிகாரம். வாயைத் திறந்து உதவக்கூடாது என்பது எனக்கு நானே போட்ட சட்டம். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000 இல் எழுதியது இதைத்தான்: ஐந்து பேரை இப்படி உட்கார்த்திப் பார்த்தால் ஒரு தளத்தின் குறைகளில் 85 சதவீதம் அகப்பட்டுவிடும். எனக்கு ஒருத்தியே போதுமாக இருந்தாள்.

'தமிழ்' என்பதைத் தொட்டாள். முகப்பு தமிழானது. 'விண்ணப்பம்' என்பதைத் தொட்டதும் மறுபடி ஆங்கிலம். திரும்பி வந்து தொட்டாள், திரும்ப ஆங்கிலம். இறுதித் திகதி ஒரு பெரிய பிடிஎஃப்புக்குள் இருந்தது. அதுவும் போன வருடத்துத் திகதி. "அண்ணா, டேட்டா முடியப் போகுது" என்றாள். யாருக்கு நிதி கிடைத்தது என்ற பட்டியலைக் காணவே இல்லை. பிரித்தானியாவில் 360கிவிங் என்ற ஏற்பாட்டின் கீழ் பல அறக்கட்டளைகள் தாம் கொடுத்ததையெல்லாம் ஒரே வடிவத்தில் திறந்து வைக்கின்றன. அது கிடக்கட்டும்.

என்னை உறுத்தியது வேறு. தமிழ் வழிகாட்டி என்று ஒரு பிடிஎஃப் இருந்தது. கண்ணுக்கு அழகான தமிழ். அதில் 'ஆய்வு' என்று தேடினோம். இல்லை என்றது போன். ஒரு வரியைப் பிரதி எடுத்து ஒட்டிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பாமினி! அந்த எழுத்துருவில் 'ஆய்வு' என்பது கணினிக்குத் தமிழே அல்ல: பெரிய எம், சின்ன ஏ, ஓர் அரைப்புள்ளி, பெரிய டி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டு விட்டிருக்கிறோம். கூகுளில் 'மண்சரிவு ஆய்வு நிதி' என்று வருடக்கணக்காகத் தேடினாலும் அந்தப் பக்கம் வரப்போவதில்லை. பார்வையற்ற ஒருவரின் போன் அதை உரக்க வாசித்தால் காதில் விழுவது வெறும் உளறல். உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் யுனிகோடில் தமிழ் சேர்ந்தது 1991 இல். 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் தளத்தில் ஈழத்து நூல் ஒன்றின் பெயரைத் தமிழில் அடித்தால் வந்து நிற்கிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் நிதியங்களால் முடியாததா?

ஆய்வறிக்கையே ஆங்கிலத்தில்தானே எழுதப்போகிறாள், வழிகாட்டி மட்டும் தமிழில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. தனியார் நிதியத்தை அது கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனால் 'தமிழ்' என்று ஒரு பொத்தானை வைத்தது அவர்கள்தான், நாங்கள் கேட்கவில்லை.

பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்க்க வேண்டும். பெரிய செலவு அதுதான். விதிகளைப் பிடிஎஃப்பில் பூட்டாமல் பக்கத்திலேயே எழுதிவிட்டால் டேட்டாவும் மிஞ்சும். திகதியை முகப்பில் போடுவதற்கு எந்த நிபுணரும் வேண்டாம்.

வந்ததற்கு நிதியத்துக்கு ஒரு கடிதமாவது அனுப்புவோம் என்று கடைக்கார நானாவிடம் சொன்னோம். வேகமான கை, பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் அடித்துவிட்டார். திரையை எட்டிப் பார்த்த அவள் என்னைப் பார்த்தாள்.

"நானா, எந்த எழுத்துருவிலே அடிக்கிறீங்க?"

"வேறென்ன தங்கச்சி, பாமினிதான்."