உடல் எடையும் மூளையின் கணக்கும்

பருமனானவர்களைக் கண்டதும் "வாயைக் கட்டத் தெரியாதவர்கள்" என்று முடிவு கட்டிவிடுவது சமூகத்தில் பரவலாகக் காணப்படும் வழக்கமாகும். ஆனால், பசியும் திருப்தியும் மனவுறுதியை மாத்திரம் சார்ந்தவையல்ல. அவற்றைப் பெருமளவில் மூளையே நிர்ணயிக்கின்றது என்பதைக் கடந்த முப்பது வருட கால ஆய்வுகள் தெளிவுபடுத்தியுள்ளன.

1994ஆம் ஆண்டில் நியூயோர்க் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி பிரீட்மன் தலைமையிலான ஆய்வாளர்கள் லெப்டின் என்னும் ஓமோனுக்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். கொழுப்புக் கலங்களில் சுரக்கும் இந்த ஓமோன், உடலில் எவ்வளவு கொழுப்புச் சேமிப்பு உள்ளது என்பதை மூளையின் ஹைபோதலமஸ் பகுதிக்கு அறிவிக்கின்றது. உணவைக் குறைத்து மெலியும்போது லெப்டினும் குறைகின்றது. மூளை அதனைப் பஞ்சத்தின் அறிகுறியாகக் கொண்டு, பசியைத் தூண்டுவதுடன் உடலின் சக்திச் செலவையும் குறைக்கின்றது. இழந்த எடை மீண்டும் ஏறுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

அவ்வாறாயின் லெப்டினையே மருந்தாகக் கொடுக்கலாம் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. பருமனானவர்களில் பெரும்பாலானோரின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே அதிகமாக உள்ளது. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. பிறவியிலேயே லெப்டின் குறைபாடுள்ள மிகச் சிலருக்கே அது எடையைக் குறைக்கப் பெரிதும் உதவியது.

மூளையில் தலையிடுவது ஆபத்தற்றதுமல்ல. 2006இல் ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்ட ரிமோனபன்ட் என்ற மருந்து பசியைக் குறைத்தது. ஆயினும், மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டும் அபாயம் காரணமாக 2008இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. பசியை ஆளும் வழிகளும் மனநிலையை ஆளும் வழிகளும் மூளையில் பின்னிப் பிணைந்துள்ளன.

2021இல் அமெரிக்கா எடைக் குறைப்புக்கென அனுமதித்த செமாகுளுடைட், உணவுண்ட பின் குடலில் சுரக்கும் ஓமோன் ஒன்றைப் போலச் செயற்பட்டு, 'போதும்' என்ற உணர்வை மூளையில் ஏற்படுத்துகின்றது. 68 வாரப் பரிசோதனையொன்றில் இதனைப் பெற்றவர்களின் எடை சராசரியாகச் சுமார் 15 சதவீதத்தால் குறைந்தது. ஆனால், மருந்தை நிறுத்தி ஓராண்டு கழிந்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. குமட்டல், வாந்தி போன்ற பக்கவிளைவுகளும் உண்டு.

எனவே, இம்மருந்துகளைச் சில வாரங்களில் அழகைத் தரும் மாயமாகக் கருதி, வைத்திய ஆலோசனையின்றிப் பாவிப்பது அபாயகரமானது. உடற்பருமன் என்பது நீரிழிவைப் போன்று நீண்டகாலக் கவனிப்பை வேண்டி நிற்கும் ஒரு நோயாகும். நோயாளிக்குத் தேவைப்படுவது சிகிச்சையே, ஏளனமன்று.