நிலவின் தென்முனையில் நீளும் நிழல்கள்

நிலவின் அச்சு சுமார் 1.5 பாகையே சாய்ந்திருப்பதால், அதன் முனைகளில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே நகர்கிறது. பொழுது சாயும் வேளையில் பாகூர் ஏரிக்கரைப் பனையின் நிழல் மரத்தைவிடப் பன்மடங்கு நீண்டு கிடப்பதைப்போல, அங்கே முழங்கால் உயரப் பாறையும் நெடுநிழல் வீழ்த்துகிறது. 2019 ஆகஸ்டு முதல் நிலவைச் சுற்றிவரும் சந்திரயான்-2 கலத்தின் கேமரா, சுமார் 100 கி.மீ. உயரத்திலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. நுணுக்கத்தில் தரையைப் படமெடுப்பதால், அந்நிழலின் நீளத்தையும் சூரியனின் கோணத்தையும் கொண்டு பாறையின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்பது வியந்து போற்றத்தக்கது. நேரடி வெயில் என்றுமே எட்டாத பள்ளங்களிலோ ரேடார்தான் கைகொடுக்கிறது. அது தானே ரேடியோ அலைகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்பும் விதத்திலிருந்து தரையின் கரடுமுரடையும் புதைந்த பனிக்கட்டிக்கான அறிகுறிகளையும் தேடுகிறது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராகப் பொறுப்பேற்ற சந்திரயான்-3, இத்தகைய படங்களின் துணையோடு தேர்ந்தெடுக்கப்பட்ட இடத்தில், 69 பாகை தென் அட்சரேகையை ஒட்டி, 2023 ஆகஸ்டு 23 அன்று இறங்கியது.