வாளையார்க் கல்லும் வீட்டு மீன்தொட்டியும்

மீன்தொட்டி வைக்க விரும்பிக் கடைக்குச் செல்வோர் முதலில் கேட்பது தொட்டியின் விலையை. செலவுப் பட்டியல் நீள்வது அதன் பிறகுதான். நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய கற்கள், பிளாஸ்டிக் செடிகள், வாய் திறந்து குமிழி விடும் சிப்பி, மூழ்கிய கப்பல், பின்புறம் ஒட்டக் கடலடிப் படம் எனச் சேரும் பொருள்களின் விலை தொட்டியின் விலையை மிஞ்சிவிடுவதும் உண்டு. ஆற்று மீனுக்குக் கடலடிப் படம் எதற்கு என்று கேட்பாரில்லை. சாயம் நாளடைவில் உரியும். பிளாஸ்டிக் இலைமேல் பாசி படியும். ஓராண்டுக்குள் அனைத்தும் பழைய பொருளாகிவிடும்.

கல், மரக்கிளை, உலர்ந்த இலை, உயிருள்ள நீர்ச்செடி ஆகியவற்றால் அமைக்கும் தொட்டிக்குச் செலவு மிகக் குறைவு. அவை அழகுக்காக மட்டும் அங்கே இருப்பவையும் அல்ல. ஒவ்வொன்றும் தண்ணீரில் ஒரு வேலையைச் செய்கிறது. ஆனால் ‘இயற்கையாகக் கிடைப்பது’ என்பதாலேயே எதையும் எடுத்துத் தொட்டிக்குள் இடலாம் என்று எண்ணிவிடக்கூடாது. குறிப்பாக வாளையார்ப் பகுதியில் வாழ்வோர் கல்லைத் தேர்வதில் சற்று நிதானிக்க வேண்டும்.

வாளை என்பது நன்னீர் மீன் ஒன்றின் பெயர். ஊர்ப்பெயரைப் படிக்கும் தமிழர்க்கு அம்மீன் நினைவுக்கு வராமல் போகாது. (பிற மீன்களை விழுங்கிப் பெரிதாக வளரும் வாளை வீட்டுத் தொட்டிக்கு உரியதன்று.) ஆனால் இவ்வூர் வெளியுலகுக்குப் பெரிதும் அறிமுகமானது சோதனைச்சாவடியாலும் சிமெண்டாலுமே. வாளையாரில் மலபார் சிமெண்ட்ஸ் ஆலை உள்ளது; எல்லைக்கு அப்பால் கோவை மாவட்டத்து மதுக்கரையிலும் சிமெண்ட் ஆலை உண்டு. சிமெண்டின் முதன்மை மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். அக்கல் இம்மலையடிவாரத்தில் கிடைப்பதே ஆலைகள் இங்கு அமைந்ததற்குக் காரணம். ஆகவே இங்கே கைக்கு அகப்படும் வெண்ணிறக் கல் எதுவும் சுண்ணாம்புக்கல்லாக இருக்க வாய்ப்புண்டு.

சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். தொட்டி நீரில் மீன் விடும் மூச்சாலும் மட்கும் கழிவாலும் கரியமிலவாயு சேர்ந்துகொண்டே இருக்கும். அந்நீர் இக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். தண்ணீரின் கடினத்தன்மையும் பி.எச். அளவும் உயரும். அதனால் என்ன என்று கேட்கலாம். மீன் கழிவிலிருந்து வெளிப்படும் அம்மோனியா தண்ணீரில் இரு வடிவங்களில் இருக்கிறது; ஒன்று மீனை அவ்வளவாகத் தாக்காது, மற்றொன்று செவுள்களை அரிக்கும் நஞ்சு. பி.எச். 7-இலிருந்து 8-க்கு ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். வெப்பம் கூடினாலும் அப்பங்கு கூடும். பாலக்காட்டுக் கோடையில் இரண்டும் ஒன்று சேர்கின்றன. அழகான வெண்கற்களை அடுக்கிய தொட்டியில் காரணம் தெரியாமல் மீன்கள் ஒவ்வொன்றாய் மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கல்லைச் சோதிக்கக் கடைப்பொருள் எதுவும் தேவையில்லை. கல்லை நன்கு கழுவி உலர்த்தி, ஆணியால் ஓரிடத்தில் சுரண்டி, அத்தூள்மீது சில துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட வேண்டும். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக்கல். வெங்கச்சங்கல்லும் வெண்மையாகவே இருக்கும், ஆனால் நுரைக்காது. ஐயம் நீடித்தால் உடைந்த கண்ணாடித் துண்டில் கீறிப் பார்க்கலாம். வெங்கச்சங்கல் கண்ணாடியைக் கீறும். சுண்ணாம்புக்கல் கீறாது, கத்தி முனைபட்டால் அதுவே கீறுபடும். கருங்கல், வெங்கச்சங்கல், செங்கல்லைப் போலச் சுட்ட மண் ஆகியவற்றால் தண்ணீரின் தன்மை மாறாது. பளிங்குத் துண்டு, கடற்சிப்பி, பவளம் மூன்றும் சுண்ணாம்பின் இனமே.

சுண்ணாம்புக்கல்தான் கைவசம் உள்ளது, அதன் தோற்றமும் பிடித்திருக்கிறது என்றால் அதற்கேற்ற மீனைத் தேர்ந்தெடுக்கலாம். கப்பியும் மோலியும் கடினநீரை விரும்புபவை. சண்டைமீனுக்கும் டெட்ரா வகைகளுக்கும் மென்னீரே ஏற்றது. கல்லைப் பார்த்து மீன் வாங்குவதும் ஒரு முறைதான்.

இனி, கல்லை எங்கிருந்து எடுப்பது? வாளையார்ச் சுற்றுவட்டாரத்தின் பெரும்பகுதி ஒதுக்கப்பட்ட காடு. அங்கிருந்து கல்லோ வேரோ உதிர்ந்த கிளையோ எடுத்து வருவது குற்றமாகும். ஆற்று மணலுக்கும் தடை உண்டு. பாரதப்புழையின் மணல் வாரப்பட்டு ஆறு மேடும் புதருமாய்க் கிடப்பதை ஒற்றப்பாலம் வழியே இரயிலில் சென்றோர் கண்டிருப்பர். அதன் விளைவாகவும் வந்ததே ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் அள்ளுவதை ஒழுங்குபடுத்துவதற்குமான கேரளத்தின் 2001-ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு வாளி மணல்தானே என்று தோன்றலாம். ஆற்றிலிருந்து அள்ளிய ஒவ்வொருவர்க்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

வேறு வழிகள் நிறைய உள்ளன. வீடு கட்டுமிடங்களில் மிஞ்சும் கால் அங்குலக் கருங்கல் ஜல்லி, பழைய வீட்டைப் பிரித்த இடத்தில் கிடைக்கும் கூழாங்கல், குடிநீர் வடிகட்டிக்கென விற்கும் மணல் ஆகிய எதுவும் போதும். எம்-சாண்டைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. பத்து முறை கழுவினாலும் கல்மாவு விடாது. கூர்முனைகள் தரையைத் துழாவும் மீன்களின் மீசைகளைப் புண்ணாக்கும். பாலக்காட்டுப் பகுதியில் இன்னொரு அரிய பொருள் வீணாகக் கிடக்கிறது: பழைய கூரை ஓடு. உடைந்த ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கினால் செந்நிறப் பாறைப் பிளவுகள் போன்ற மறைவிடங்கள் அமையும். சிமெண்ட் பூச்சோ வண்ணமோ படிந்த ஓட்டை மட்டும் விலக்க வேண்டும்.

மரத்துக்குக் கடைகளில் விற்கும் இறக்குமதி வேர்களை நாட வேண்டியதில்லை. வீட்டுத் தோட்டத்தில் பட்டுப்போய் நன்கு காய்ந்த கொய்யாக் கிளை மிகப் பொருத்தமானது. வைரம் பாய்ந்தது, வளைவுகள் உடையது. பட்டையை உரித்து, இயன்றால் கொதிநீரில் வேகவைத்து, இரண்டு மூன்று வாரம் நீரில் ஊறவிட்டால் மூழ்கத் தொடங்கும். மூழ்காவிடில் ஒரு கல்லோடு கட்டலாம். பாலோ பிசினோ வடியும் மரங்கள், யூகலிப்டஸ், வேம்பு ஆகியவை வேண்டாம். முதல் சில வாரங்களில் கிளைமேல் வெண்ணிறக் கோழை படியும். அது தீங்கற்றது, தானே மறையும். தேங்காய்ச் சிரட்டையில் வாயில் ஒன்று வெட்டி வேகவைத்துக் கவிழ்த்தால் குகை ஆயிற்று.

பள்ளி வளாகங்களில் நிழல் தரும் நாட்டு வாதுமை மரத்தின் உதிர்ந்த பழுப்பு இலை ஒன்றிரண்டை இடுவது பலர் அறிந்த முறை. இலையின் துவர்ப்புச் சத்து நீரைத் தேநீர் நிறமாக்கும். அந்நிறத்தைக் கண்டு அஞ்சி நீரை மாற்றுவோர் உண்டு. காட்டோடை மீன்களுக்கு அதுவே பழகிய நீர். அவற்றின் நிறம் அதில்தான் எடுப்பாகத் தெரியும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். விளிம்புவரை நிரப்பினால் 54 லிட்டர். தரைப்பரப்பின் முன்பக்கம் 3 செ.மீ., பின்பக்கம் 7 செ.மீ. எனச் சரிவாக ஜல்லி பரப்பினால் சராசரி 5 செ.மீ.; அதாவது 9 லிட்டர், ஏறத்தாழ 14 கிலோ. இச்சரிவு சிறிய தொட்டிக்கும் ஆழம் உள்ளதுபோன்ற தோற்றம் தரும். கண்ணாடி, நீர், கல் எல்லாம் சேர்ந்து 70 கிலோவை நெருங்கும். வளர்ந்த ஓர் ஆள் இரவும் பகலும் ஏறி நிற்பதற்கு ஒப்பான அச்சுமையை எந்த மேசை தாங்கும் என்பதைத் தொட்டி வாங்கும் முன்பே முடிவுசெய்வது நல்லது. மின்செலவு அச்சுறுத்துவதில்லை. 5 வாட் காற்றுப் பம்ப் நாள் முழுதும் இயங்கினால் மாதம் 3.6 யூனிட், 12 வாட் எல்.இ.டி. விளக்கு நாளுக்கு 8 மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ 2.9 யூனிட். நம் சமவெளியில் வெப்பமூட்டி தேவையே இல்லை. கோடையில் தொட்டியைச் சன்னல் வெயிலிலிருந்து தள்ளி வைப்பதுதான் தேவை. வெந்நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும்.

அடுக்கும் கலையில் உலகறிந்த பெயர் ஜப்பானியர் தகாஷி அமானோ. ஒளிப்படக் கலைஞரான அவர் மலைச்சாரலையும் புல்வெளியையும் தொட்டிக்குள் கொண்டுவந்தார். 2015-இல் லிஸ்பன் கடற்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத் தொட்டியொன்றை அமைத்தார், அவ்வாண்டே காலமானார். அவருடைய முறையில் கரியமிலவாயு உருளையும் வலிய விளக்கும் உண்டு. நமக்கு அவை வேண்டியதில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரே இனக் கல்லைப் பயன்படுத்துதல், பெரிய கல்லை நட்டநடுவில் வைக்காமல் ஒருபக்கம் ஒதுக்குதல் என்னும் இரண்டே. செலவைக் குறைக்க நினைப்போர்க்கு அமெரிக்கரான டயானா வால்ஸ்டட் 1999-இல் எழுதி வெளியிட்ட நூலின் முறை நெருக்கமானது. உரமிடாத தோட்டமண்ணை ஓரங்குலம் பரப்பி, மேலே ஜல்லியால் மூடி, செடிகளை நெருக்கமாக நட்டுவிட வேண்டும். மண் செடிக்கு உணவாகும். செடி மீன் கழிவை உணவாக்கிக்கொள்ளும்.

செடிகளில் வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் எளிய ஒளியிலேயே வளரும். ஒன்று வாங்கினால் சில மாதங்களில் பத்தாகும். ஜாவா ஃபெர்னின் கிழங்கைப் புதைக்காமல் கிளையில் நூலால் கட்ட வேண்டும். நட்டவுடன் மீனை விடுவதுதான் பொதுவாக நிகழும் இழப்புக்குக் காரணம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மண்ணிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குழந்தைகள் உள்ள வீட்டில் வெறும் செடித்தொட்டியை ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருப்பது கடினம்தான். ஆயினும் வேறு வழியில்லை.

உள்ளூர் மீன்களை விரும்புவோர்க்கு, மலையாளத்தில் மானத்துக்கண்ணி எனப்படும், கொசுப்புழு தின்னும் சிறுமீன் ஏற்றது. தாவும் இயல்புடையதால் மூடி அவசியம். ‘மிஸ் கேரளா’ என்று புகழ்பெற்ற மீனோ 15 செ.மீ. வரை வளர்வது, கூட்டமாக வாழ்வது, அழியும் நிலையில் உள்ளது. மூன்று காரணங்களாலும் அது இத்தொட்டிக்கு ஆகாது.

தொட்டியிலிருந்து வெளியேறுபவை குறித்தும் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரை அருகே ஆவளப்பாண்டியில் நீர்நிலையொன்று இளஞ்சிவப்புப் பூக்களால் மூடப்பட்டதும், மக்கள் திரள்திரளாகச் சென்று படமெடுத்ததும் பலர்க்கு நினைவிருக்கும். அது கபோம்பா, தென்னமெரிக்கச் செடி, மீன்தொட்டிகளுக்காகக் கொண்டுவரப்படும் இனம். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அரபைமா போன்ற அயல்நாட்டு மீன்கள் வலையில் சிக்கின. வாளையார் நீர் கல்பாத்திப்புழை வழியாகப் பாரதப்புழைக்குச் செல்கிறது. ஊரில் ஓடையில் கொட்டும் ஒரு கைப்பிடிச் செடி எங்கு வேரூன்றும் என்று சொல்ல இயலாது.

நறுக்கிய செடிகளை நன்றாக வெயிலில் காயவைத்து எருக்குழியில் இடலாம். வளர்க்க இயலாத மீனைக் கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ ஒப்படைக்கலாம். வாரந்தோறும் தொட்டியிலிருந்து எடுக்கும் நாலில் ஒரு பங்கு நீரில் நைட்ரேட் நிறைந்திருக்கும். கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் அதை ஊற்றலாம். அதற்கு ஈடாக நிரப்பும் குழாய்நீரை, குளோரின் அகலும்படி ஒருநாள் திறந்த வாளியில் வைத்த பிறகே தொட்டியில் விட வேண்டும்.