மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை: உலோகத்தைவிட முக்கியமான ஒன்று

இலஞ்சி, தென்காசி பக்கப் பள்ளிவாசல்களில் ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலிகள் கூடிக்கொண்டே போகின்றன. "ஹஜ்ரத், முட்டியை மாற்றிவிட்டால் பழையபடி ஸஜ்தா செய்யலாமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள்.

சிகிச்சைக்குப் போகும் குடும்பத்தார் முதலில் விசாரிப்பது, "எந்தக் கம்பெனி மூட்டு? என்ன விலை?" என்பதைத்தான். செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. ஆனால் நடை சீராவது உலோகத்தால் மட்டும் அல்ல. மூட்டைச் சுற்றியுள்ள இணைப்புநார்களைச் சமப்படுத்துவதும் அதே அளவு முக்கியம். பேச்சில் ஜவ்வு என்கிறோமே, அவைதான் இந்த நார்கள்.

பந்தல்காலை இருபுறமும் கயிறு கட்டி நிறுத்துகிறோம். ஒரு கயிறு இறுகி மற்றது தளர்ந்தால் கால் சாய்ந்துவிடும். முட்டியும் அப்படித்தான். தேய்மானத்தால் கால் வில்லாக வளைந்தவர்களுக்கு உட்பக்க நார் இறுகியும் வெளிப்பக்க நார் தளர்ந்தும் இருக்கும். மருத்துவர் தேய்ந்த எலும்பை அளந்து வெட்டி, துருத்திய எலும்பு முனைகளை அகற்றி, இறுகிய பக்கத்தைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவார். காலை நீட்டும்போதும் மடக்கும்போதும் எலும்புகளுக்கு இடையேயுள்ள இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ற தடிமனில் நடுவே பிளாஸ்டிக் தகட்டை வைப்பார். லண்டனில் மைக்கேல் ஃப்ரீமன், நியூயார்க்கில் ஜான் இன்சால் போன்ற மருத்துவர்கள் 1970களிலேயே இதை வலியுறுத்தினார்கள்.

இறுக்கம் மிஞ்சினால் முட்டி மடங்காது, வலிக்கும். தளர்வு மிஞ்சினால் படியிறங்கும்போது ஆடும். தகடும் சீக்கிரம் தேயும். அளவுக்கு மீறித் தளர்த்திய நாரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். எனவே இச்சிகிச்சையை அடிக்கடி செய்து பழகிய மருத்துவரைத் தேடுங்கள். பிறகு பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள். முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தால் கால் முழுதாக நீளாமல் போகும்.

இனி ஸஜ்தா விஷயம். நன்றாகச் சமப்படுத்திய முட்டியும் பெரும்பாலும் 110, 120 டிகிரி வரைதான் மடங்கும். தரையில் மண்டியிட்டு அமர இன்னும் அதிகம் மடங்க வேண்டும். ஆகவே உங்கள் மருத்துவரைக் கேட்காமல் முயல வேண்டாம். மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து தொழும் நம் வாப்பாவும் உம்மாவும் அதைக் குறையாக நினைத்து மனம் வருந்த வேண்டியதில்லை.

நோயுற்றோருக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.