தண்ணீரைப் பிரிக்கும் சோதனையில் கம்பி ஏன் சுடுகிறது?

பள்ளியில் அறிவியல் கண்காட்சி அறிவித்துவிட்டால் நம் வீடுகளில் பிள்ளைகளின் சோதனைகள் தொடங்கிவிடும். போன வருடம் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன், தண்ணீரில் மின்சாரம் செலுத்தி ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்துக் காட்டப் போவதாகச் சொன்னான். பழைய பைக் பேட்டரி, இரண்டு ஸ்டீல் கரண்டி, செல்போன் சார்ஜரில் வெட்டி எடுத்த கம்பி, ஒரு கைப்பிடி உப்பு. இவ்வளவுதான் சாமான்கள். குமிழிகள் நன்றாகவே வந்தன. சில நிமிடங்களில், "அத்தா, கம்பி சுடுது!" என்று கத்தினான். ஓடிப்போய்ப் பார்த்தால் கம்பியின் பிளாஸ்டிக் உறை இளகி, கருகல் வாடை அடித்தது. விரல் நுனியில் சிறு கொப்புளத்தோடு தப்பினான், அல்ஹம்துலில்லாஹ்.

காரணம் என்ன?

சுத்தமான தண்ணீரில் மின்சாரம் எளிதில் பாயாது. உப்போ சோடா மாவோ கரைத்தால் பாயும். உப்பு கூடக்கூட, கரண்டிகள் நெருங்க நெருங்க, பாயும் மின்சாரமும் கூடும். தண்ணீர் சூடானால் இன்னும் அதிகமாகப் பாயும். அதனால்தான் முதலில் ஒன்றும் தெரியாமல், நேரம் போகப் போகக் கம்பி கொதிக்கிறது.

மின்சாரம் இரண்டு மடங்கானால் கம்பியில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். மெல்லிய கம்பியின் மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 2 ஆம்பியர் பாய்ந்தால் வெப்பம் 1 வாட் கூட இல்லை. 10 ஆம்பியர் பாய்ந்தால் 20 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் கையிலுள்ள சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! சாதாரண வயரின் பி.வி.சி. உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். முறுக்கிவிட்ட இணைப்பு தளர்வாக இருந்தால் முதலில் சுடுவது அந்த இடம்தான்.

நம் மாவட்டத்து மேட்டூரில் உப்புநீரில் மின்சாரம் செலுத்தித்தான் காஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரித்தார்கள். இப்படிப்பட்ட ஆலைகளில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். அதை மெல்லிய வயரில் அனுப்புவதில்லை. கனத்த உலோகப் பட்டைகளில் அனுப்புகிறார்கள். வீட்டில் சமையல் உப்பைப் போட்டாலும் அதே குளோரின் கொஞ்சம் வரும். மூடிய அறையில் அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஸ்டீல் கரண்டியிலிருந்து குரோமியம் கரைந்து தண்ணீர் நஞ்சாகவும் கூடும். அந்தக் கரண்டியைத் திரும்பச் சமையலறைக்குக் கொண்டு போகாதீர்கள்.

கம்பியைவிடப் பெரிய ஆபத்து

சுடும் கம்பியின் பக்கத்திலேயே ஹைட்ரஜன் வந்துகொண்டிருக்கிறது. காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தாலே அது தீப்பற்றும். சிறு பொறி போதும். சார்ஜ் ஏறும் பேட்டரி அருகே பீடி பற்றவைக்காதே என்று நாமக்கல் லாரிப் பட்டறைகளில் சொல்வதும் இதே வாயுவுக்குப் பயந்துதான். இரண்டு வாயுக்களையும் ஒரே பாட்டிலில் பிடித்து மூடினால் அது வெடிகுண்டுக்குச் சமம்.

பிள்ளைகள் எப்படிச் செய்யலாம்?

• 9 வோல்ட் சிறிய பேட்டரி போதும். பைக், கார், லாரி பேட்டரி வேண்டாம். அவை ஒரு நொடியில் கம்பியைப் பழுக்கவைக்கும். வீட்டு 230 வோல்ட் லைனை எந்த வகையிலும் தொடக்கூடாது. அது உயிரைப் பறிக்கும்.

• கரண்டிக்குப் பதில் இருபுறமும் சீவிய இரண்டு பென்சில்கள். உப்புக்குப் பதில் ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் சோடா மாவு.

• பென்சில்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. பாத்திரத்தை மூடக்கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, சில நிமிடங்களில் முடித்துவிட வேண்டும்.

• கம்பி சுட்டால் முதலில் பேட்டரிப் பக்கத்து இணைப்பைக் கழற்ற வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் முனையைப் பிடித்து இழுத்தால் வாயு வரும் இடத்திலேயே பொறி பறக்கும்.

• கை சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மை எதுவும் தடவ வேண்டாம். காயம் பெரிதாக இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிள்ளை கேள்வி கேட்டால் திட்டி உட்கார வைக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். என் மகன் இந்த வருடம் அதே சோதனையை இரண்டு பென்சிலில் செய்தான். மின்சாரம் வந்த பக்கத்தில் இல்லாத அளவுக்கு, மைனஸ் பக்கத்தில் ஏன் இரண்டு மடங்கு குமிழி என்று கேட்டான். தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு என்பதை அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டான்.