இறக்கையைப் பார்த்து ஈயை அறியலாம்

குளியலறைச் சுவரில் சாம்பல் நிறச் சிறு பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழத்தட்டைச் சுற்றி வேறொன்று பறக்கும். இரண்டும் மிகச் சிறியவை. “கொசுதானே!” என்று தட்டிவிடுகிறோம். ஆனால் அவை வெவ்வேறு இனங்கள். வளரும் இடங்களும் வேறு. இன்னதென்று அறிந்தால்தான் ஒழிக்கும் வழியும் புலப்படும்.

முதலில் இறக்கைகளை எண்ணுங்கள். தேனீக்கும் குளவிக்கும் நான்கு. ஈக்கும் கொசுவுக்கும் இரண்டே. பின்னிறக்கைகள் இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசி போன்ற இரு சிறு உறுப்புகள் இருக்கும். பறக்கும்போது உடல் நிலைகுலையாமல் காப்பவை இவையே.

இனி உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்கள் சிவந்தும் உடல் மஞ்சள் கலந்த பழுப்பாகவும் இருந்தால், அது பெரும்பாலும் டிரோசோபிலா என்னும் பழ ஈ. அழுகும் பழத்தை அகற்றுங்கள், ஈயும் குறையும். முதுகு கூனி, பறப்பதைவிட விடுவிடென்று ஓடுவதையே விரும்பினால், அது கூன் ஈ. அழுகிய பொருள் எங்கோ மறைந்திருக்கிறது, தேடுங்கள்.

உடலும் இறக்கையும் மயிரடர்ந்து சிறு அந்துப்பூச்சிபோல் தோன்றினால், அது சாக்கடை ஈ. இறக்கைகளை உடல்மீது கூரைபோல் சாய்த்து வைத்திருக்கும். கழிவுநீர்க் குழாயின் உட்புறம் படியும் வழுவழுப்பான அழுக்கில் இதன் புழுக்கள் வளர்கின்றன. ஆகவே மருந்து தெளிப்பதைவிடக் குழாயைத் தேய்த்துக் கழுவுவதே பயன் தரும். இது கடிப்பதில்லை.

இதே குடும்பத்தில் கடிக்கும் இனமும் உண்டு. அதுதான் மணல் ஈ. அதற்கும் உடலெங்கும் மயிர் உண்டு. ஆனால் கால்கள் நீண்டு மெலிந்தவை. பறப்பதும் தத்தித் தத்தியே. உட்காரும்போது இறக்கைகளை முயலின் காதுகள்போல் மேல்நோக்கி விரித்து வைத்திருக்கும். பெண் ஈயே இரத்தம் குடிக்கும்.

பீகார் முதலிய மாநிலங்களில் பல்லாயிரம் உயிர்களைக் குடித்த காலா அசார் என்னும் காய்ச்சலைப் பரப்புவது இந்த ஈதான். அந்நோயின் கிருமியை 1903-ல் சென்னையில் டாக்டர் சார்லஸ் டோனவன் நோயாளியின் மண்ணீரலில் கண்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில் லீஷ்மனும் அதைப்பற்றி எழுதினார். இருவர் பெயரும் சேர்ந்தே அக்கிருமி ‘லீஷ்மேனியா டோனவனி’ ஆயிற்று. மணல் ஈ கடித்தே அது பரவுகிறது என்பதை 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் நிறுவினர்.

எனவே, அடுத்த முறை கையை ஓங்குமுன் ஒரு நொடி உற்றுப் பாருங்கள். இறக்கை கூரைபோல் சாய்ந்திருக்கிறதா, காதுபோல் நிமிர்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால் குழாயைக் கழுவுங்கள். நிமிர்ந்திருந்தால் மண்சுவரின் வெடிப்புகளைப் பூசி, மாட்டுக் கொட்டிலைத் துப்புரவாக்குங்கள்.