வேர் பிடித்த கரை

வெள்ளம் இரு கரையும் தொட்டுப் பாயும்போது கரை பெரும்பாலும் நின்றுவிடும். தண்ணீர் வடிந்து, வெயில் எட்டிப் பார்த்து, இனிப் பயமில்லை என்று ஊர் மூச்சுவிடும் நேரத்தில்தான் அது சரியும். விரிசல் விட்ட மண் பாளமாகப் பெயர்ந்து ஆற்றுக்குள் விழும். அதோடு வேலியும் போகும், கொல்லையில் இரண்டு முழமும் போகும். ஆற்றோரம் நிலம் வைத்திருப்பவர்கள் பார்த்துப் பழகிய காட்சி இது. ஓடுகிற தண்ணீரால் தள்ள முடியாத கரையை, ஓய்ந்த தண்ணீர் எப்படிச் சாய்க்கிறது? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால், கரையோரம் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் நாணலும் நொச்சியும் பனையும் அங்கே என்ன வேலை செய்கின்றன என்பது விளங்கும்.

கறம்பக்குடிக்காரர்களுக்கு ஆறு என்றால் அக்னி ஆறு. புதுக்கோட்டை மாவட்டத்தின் குளத்தூர்ப் பகுதியில் பிறந்து, கறம்பக்குடி வட்டத்தைக் கடந்து, தஞ்சாவூர் மாவட்டத்துக்குள் நுழைந்து, பாக் நீரிணையில் சேர்கிறது. கறம்பக்குடியை அடுத்த திருமணஞ்சேரியில் சுகந்த பரிமளேஸ்வரர் கோயில் இதன் கரையில்தான் இருக்கிறது. காவிரிக்கு மேட்டூர் அணை உண்டு. அக்னி ஆற்றுக்கு வானம் மட்டும்தான். வருடத்தின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால், வரத்து வாரிகளும் கண்மாய்களின் கலிங்குகளும் ஒரே நேரத்தில் ஆற்றில் கொட்ட, சில நாள் பொங்கி ஓடும். காட்டாறு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான ஆறு இல்லை.

அப்படிப்பட்ட ஆற்றின் கரையில் நிற்கும் செடிக்கு இரண்டு சோதனை. பல மாதம் தண்ணீரே இல்லாமல் காய வேண்டும். பிறகு சில நாள் கழுத்தளவு வெள்ளத்தில் பிடி விடாமல் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் தாங்குகிறவைதான் நம் கரைகளின் காவலர்கள்.

முதலில் தண்ணீரின் பலத்தைப் பார்ப்போம். ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்காவதில்லை. ஏறத்தாழ 64 மடங்காகிறது. நீரியல் அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்த கணக்கு இது. நேற்று மணலை மட்டும் நகர்த்திய வாய்க்கால் இன்று கருங்கல்லைப் புரட்டுவது இதனால்தான். கணக்கைத் திருப்பிப் போட்டால் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று கிடைக்கிறது. கரையோரத்தில் மட்டும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் போதும், அந்த இடத்தில் தண்ணீரின் பலம் பெருமளவு அடங்கிவிடும். நாணல் செய்வது அதைத்தான். அது வெள்ளத்தை எதிர்த்து நிமிர்ந்து நிற்பதில்லை. வளைந்து, கரைமேல் பாய் விரித்தது போலப் படுத்துக்கொள்கிறது. வேகமான நீர் அந்தப் பாயின் மேலே போகிறது. பாயின் கீழே ஓட்டம் தளர்ந்து, கொண்டுவந்த வண்டலைப் போட்டுவிட்டுப் போகிறது. அரித்துப் போக வந்த வெள்ளமே கரைக்கு மண் சேர்க்கிறது.

இனி அந்த மறுநாள் புதிருக்கு வருவோம். வெள்ளம் நிற்கும்போது கரையின் மண் நீரைக் குடித்துக் கனத்துப் போகிறது. ஆனால் ஆற்றில் நிறைந்திருக்கும் தண்ணீர் வெளியிலிருந்து கரையைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. வெள்ளம் திடீரென்று வடிந்தால் அந்தத் தாங்கல் போய்விடும். உள்ளே ஊறிய நீர் அதே வேகத்தில் வெளியேற முடியாது. மண்துகள்களுக்கு நடுவே இருந்துகொண்டு அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. கனம் குறையவில்லை, தாங்கல் இல்லை, பிடியும் இல்லை. அடிப்பகுதியை வெள்ளம் ஏற்கெனவே குடைந்திருந்தால் சொல்லவே வேண்டாம், கரை உட்கார்ந்துவிடும்.

மண்ணுக்கு ஓர் இயல்பு உண்டு. மேலிருந்து அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். மண்சுவர் எழுப்பிய நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். அதனால்தான் சேற்றில் வைக்கோலைப் போட்டு மிதித்தார்கள். சுவர் வெடிக்கப் பார்க்கும்போது வைக்கோல் இழைகள் இழுத்துப் பிடிக்கும். கரைக்குள் ஓடும் சல்லிவேர்கள் அந்த வைக்கோலின் வேலையைச் செய்கின்றன. ஒரு வித்தியாசம், வைக்கோல் மக்கும், வேர் வளரும். அதோடு, வேர்கள் மண்ணில் ஊறிய நீரை உறிஞ்சி இலை வழியே வெளியேற்றுகின்றன. கரை சீக்கிரம் உலர்ந்து இறுகுகிறது.

இந்த வேலையில் உலகப் புகழ் பெற்றது நம் வெட்டிவேர். தண்ணீர்ப் பானையில் மணத்துக்காகப் போடும் அதே வேர்தான். பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழாக இறங்குவது அதன் குணம். நல்ல மண்ணில் 3, 4 மீட்டர் ஆழம் வரை போகும். அதன் வேரை இழுத்துச் சோதித்த ஆய்வுகள், தாங்கும் வலிமை சராசரியாக 75 மெகாபாஸ்கல் என்று கண்டன. மென் எஃகின் வலிமையில் இது ஆறில் ஒரு பங்கு. ஒரு புல்லின் வேருக்கு இது பிரமிக்க வைக்கும் எண். மைசூர்ப் பக்கத்து உழவர்கள் தலைமுறைகளாக வரப்புகளில் வெட்டிவேரை வேலியாக வைத்து மண்ணைக் காத்துவந்தார்கள். 1980களில் உலக வங்கிக்காக இந்தியாவில் பணியாற்றிய மண்வள வல்லுநர்கள் இதைக் கவனித்து எழுத, அந்தப் புல் பல கண்டங்களுக்குப் போனது. தென்னிந்திய வகை முளைக்கும் விதை வைப்பதில்லை என்பதால், வைத்த இடத்தை விட்டுப் பரவிக் களையாகிவிடும் என்ற பயமும் இல்லை.

ஆனால் ஒரே செடி ஒரு கரையைக் காப்பதில்லை. கரை என்பது மூன்று படி. தண்ணீர் தொடும் அடிக்கரையில் நாணலும் கோரையும் வெட்டிவேரும் நிற்க வேண்டும். அங்கே வளைந்துகொடுப்பதே பலம். அதற்கு மேலே சரிவில் நொச்சி, தாழை போன்ற புதர்கள். உச்சியில் புங்கன், நாவல், நீர்மருது, பனை. அடியில் மரத்தை வைத்தால் வெள்ளம் அதன் தூரைச் சுற்றிச் சுழித்துக் குழி பறிக்கும். உச்சியில் சாதாரணப் புல்லை மட்டும் விட்டால் ஆழத்து மண்ணைப் பிடிக்க ஆளில்லை. எந்தச் செடி எங்கே என்பதுதான் இந்த அறிவியலின் சாரம்.

நட்டு வளர்ப்பதும் பெரிய வித்தை இல்லை. நொச்சியையும் பூவரசையும் போத்து வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும் என்பது கிராமத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். ஆசியாவின் இன்னொரு மூலையிலும் இதே கைப்பழக்கம் இருந்தது. சீனத்தில் 1530களில் மஞ்சள் ஆற்றைக் கவனித்துக்கொண்ட லியூ தியென்ஹே என்ற அதிகாரி, கரைகளில் ஆற்றுப்பாலை இனத்து மரங்களை நட ஆறு முறைகளை வகுத்தார். கிளையைப் படுக்கவைத்து நடுவது ஒரு முறை, ஆழ ஊன்றுவது ஒரு முறை என்று கரையின் இடத்துக்கு ஏற்ப அவை மாறின. அவர் செய்ததும் போத்து நடுதல்தான்.

பனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கண்மாய்க் கரை, ஆற்றங்கரை எங்கும் பனையை நம்மவர்கள் நட்டதற்கு நுங்கும் பதநீரும் மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஆலும் அரசும் வேர் பருத்துக் கரையைப் பிளக்கும். அந்த மரம் பட்டுப்போனால் பருத்த வேர் மக்கிய இடம் குழாய் போலாகி, அதன் வழியே நீர் கசிந்து உடைப்பெடுக்கும். பனையின் வேர்கள் எத்தனை ஆண்டு ஆனாலும் அப்படிப் பருப்பதில்லை. புல் இனங்களைப் போலவே ஒருவித்திலைத் தாவரம் அது. கயிறு போன்ற வேர்களை நூற்றுக்கணக்கில் விடுமே தவிர, ஒன்றையும் தூணாக்காது. மண் கரைக்கு இதைவிடப் பொருத்தமான மரம் அரிது.

அது முளைக்கும் விதம் இன்னும் வியப்பு. பனங்கொட்டையை மண்ணில் போட்டால் முதலில் மேலே எதுவும் வராது. கொட்டையிலிருந்து ஒரு குழல் கீழ்நோக்கி இறங்கி, கருவை மண்ணின் ஆழத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறது. அங்கே உணவைச் சேர்த்துப் பருக்கும் பகுதியைத்தான் நாம் பனங்கிழங்கு என்று அவித்துத் தின்கிறோம். கீழே காலூன்றிய பிறகுதான் மேலே முதல் இலை. அடிமரம் எழுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல், கறம்பக்குடி, ஆலங்குடி வட்டாரங்களில் தென்னந்தோப்புகளைத் தரையோடு சாய்த்தபோது, பனைகள் பெரும்பாலும் நின்றதை ஊரே பார்த்தது. தமிழ்நாட்டின் மாநில மரம் அது. 2021இல் வந்த மாநில அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளையும் ஒரு லட்சம் கன்றுகளையும் வழங்கப்போவதாக அறிவித்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது.

கரையில் செடி வந்தால் உயிர்கள் பின்னாலேயே வரும். தூக்கணாங்குருவி நாணல் தாளையும் பனையோலையையும் நாராகக் கிழித்து, தண்ணீருக்கு மேலே நீளும் கிளையில் கூட்டைத் தொங்கவிடுகிறது. பாம்பும் கீரியும் எட்ட முடியாத இடம் அது. பனை உழவாரன் பனையோலையின் அடிப்பக்கத்தில் தன் எச்சிலால் கூட்டை ஒட்டுகிறது. நாவல் பழத்துக்கு வௌவால் வருகிறது, புதருக்குள் உடும்பும் செண்பகமும் மறைந்துகொள்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத கொடுக்கல் வாங்கல் ஒன்றும் நடக்கிறது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஹொரோனாய் என்ற ஓடையை ஆராய்ந்த ஷிகேரு நகானோ, மசாஷி முராகாமி இருவரின் ஆய்வு 2001இல் வெளியானது. ஓடை மீன்களின் ஆண்டு உணவில் 44 சதவீதம் கரை மரங்களிலிருந்து விழுந்த பூச்சிகள். கரைக்காட்டுப் பறவைகளின் உணவில் ஏறத்தாழ 26 சதவீதம் தண்ணீரில் பிறந்து பறந்துவந்த பூச்சிகள். அக்னி ஆறு ஆண்டு முழுதும் ஓடுவதில்லை. ஆகவே அதே எண்கள் இங்கே பொருந்தா. ஆனால் கரையும் ஆறும் ஒரே பந்தியில் உண்கின்றன என்ற உண்மை எங்கும் ஒன்றுதான். அமெரிக்காவின் மேரிலாந்தில் 1984இல் வெளியான இன்னோர் ஆய்வு, மக்காச்சோளக் கொல்லையிலிருந்து வடிந்த தழைச்சத்தில் 89 சதவீதத்தைக் கரைக்காடு பிடித்து வைத்துக்கொண்டதைக் காட்டியது. கொல்லைக்குப் போட்ட உரம் கடலுக்குப் போகாமல் தடுக்கும் வடிகட்டியும் இந்தச் செடிகள்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கரை முழுவதையும் பச்சையால் மூட வேண்டியதில்லை. மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் செங்குத்தான வெறும் மண்கரையில் வளை தோண்டித்தான் குஞ்சு பொரிக்கின்றன. வீடும் வயலும் இல்லாத வளைவுகளில் ஒன்றிரண்டை அவற்றுக்கு விட்டுவைக்கலாம்.

கரை மரத்தை மதிக்கும் மரபு நமக்குப் புதிதல்ல. வயல் சார்ந்த திணைக்கே மருதம் என்று நீரோரத்து மரத்தின் பெயரைச் சூட்டிய மொழி இது. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் இருக்கிறது. மாசி மகத்தன்று அங்குள்ள பிரம்மாண்டமான குதிரைச் சிலைக்குக் காகிதப்பூ மாலைகள் மலையாகக் குவியும். அந்தச் சாமியின் பெயரிலேயே காரை மரம் நிற்கிறது.

ஆனால் இன்று கரைகளுக்கு நாம் செய்வது வேறு. சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டியதுதான். அது ஆற்றின் நடுவே மண்டி நீரோட்டத்தை மறிக்கிறது. ஆனால் மழைக்குச் சற்று முன்னால் இயந்திரத்தை இறக்கி வேரோடு பிடுங்கிவிட்டு, பதிலுக்கு ஒன்றும் நடாமல் போனால், தளர்ந்த வெறும் மண்ணை வெள்ளத்தின் வாயில் கொடுத்தது போல ஆகும். பகுதி பகுதியாக அகற்றி, அகற்றிய இடத்தில் உடனே நட வேண்டும். மணல் கொள்ளை அதைவிடக் கொடியது. ஆற்றின் தரை கீழே இறங்கினால் கரையின் அடி வேர்களுக்குக் கீழே போய்விடும். வேர்கள் அந்தரத்தில் தொங்கும். அந்தக் கரையை எந்தச் செடியாலும் காப்பாற்ற முடியாது. பாலத்தடியில் கற்சுவர் தேவைதான். ஆனால் நெடுகச் சுவர் எழுப்பினால் ஓட்டம் வேகம் பிடித்து அடுத்த ஊர்க் கரையைத் தின்னும்.

பனம்பழம் விழுவது ஆடி, ஆவணியில். மண் ஈரமாவது புரட்டாசியில். காட்டாற்றுக்கு வெள்ளம் வருவது ஐப்பசியில். இயற்கை வரிசையாக நாள் குறித்துக் கொடுத்திருக்கிறது. ஓர் ஊரின் பள்ளிப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டை பொறுக்கினால் ஒரு பர்லாங் கரைக்கு விதை போதும். அடிக்கரையில் அரைச் சாண் இடைவெளியில் வெட்டிவேர்த் தூர்களை வரிசை பிடித்து வையுங்கள். சரிவில் நொச்சிப் போத்துகளை ஊன்றுங்கள். முதல் இரண்டு ஆண்டு ஆடு மாடு மேயாமல் முள் கட்டிக் காப்பாற்றுங்கள். அதற்குப் பிறகு கரையை வேர் பார்த்துக்கொள்ளும்.